அந்த அலங்காரத்தை எடுத்துவிட்டால்...

மூன்று வாரங்களுக்கு முன் எங்கள் பல்கலைக்கழக வடிவமைப்புக் கூடத்தின் சுவரில் என் வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. மலேசியச் சாலைக்கான ஒரு சிறிய காரின் முகத்தை வரைய வேண்டும். அதுதான் எங்களுக்குத் தரப்பட்ட பணி. நான் இரண்டாம் ஆண்டு மாணவி. இரு விளக்குகளுக்கும் நடுவில் உள்ள கிரில் முழுவதும் சிக்குக் கோலம் வரைந்திருந்தேன். பொங்கலன்று அம்மா வாசலில் போடும் அதே கோலம். நம் அடையாளத்தைக் காரின் முகத்தில் கொண்டுவந்துவிட்டேன் என்ற பூரிப்பு எனக்கு.

விரிவுரையாளர் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த அலங்காரத்தை எடுத்துவிட்டால் கார் எதை இழக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மீண்டும் வரைந்து வரச் சொன்னார். வீடு வந்து சேரும்வரை கோபம் தணியவில்லை. கோபம் ஆறியபின், அதே கேள்வியை மற்ற கார்களிடம் கேட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

கிரில் என்பது முதலில் ஒரு துளைதான். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குள் காற்று போக வேண்டும். கல்லும் பூச்சியும் போகக்கூடாது. அதற்கான சல்லடை அது. 1933இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் 303 காரில் அந்தத் துளையை இரண்டு சிறுநீரகங்கள் போலப் பிரித்து வைத்தது. தொலைவில் வரும்போதே இன்ன கார் என்று அடையாளம் தெரிந்தது. இன்று அந்நிறுவனத்தின் ஐ.எக்ஸ். மின்சாரக் காருக்கு அவ்வளவு காற்று தேவையில்லை. ஆனாலும் அதே இரட்டை வடிவம் முகப்பில் இருக்கிறது. துளையை மூடி, அதன் பின்னால் கேமராவையும் ராடாரையும் வைத்திருக்கிறார்கள். பழைய தேவை போனது. வடிவம் தனக்கென வேறு வேலை தேடிக்கொண்டது.

அமெரிக்கக் காடிலாக் கார்களின் கதை வேறு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லையும் அவர் குழுவினரையும் லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வால் கவர்ந்தது. 1948 காடிலாக்கின் பின்புறத்தில் சிறிய வால் துடுப்புகள் முளைத்தன. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து, 1959இல் ராக்கெட் போல நின்றன. அடுத்த சில ஆண்டுகளில் சுருங்கி மறைந்தும் போயின. அவற்றை எடுத்தபின்னும் கார் முன்போலவே ஓடியது. துடுப்பு சொன்னதெல்லாம் அந்தக் காலத்தின் விமான மோகத்தைத்தான். மோகம் தீர்ந்ததும் அதற்குச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அப்படியானால் நம் நாட்டுக் கார்?

1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகாவின் உடல் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயிலிருந்து வந்தது. எஞ்சினும் மிட்சுபிஷியுடையதே. முன்புறச் சின்னத்தில் மட்டும் பிறையும் 14 முனை நட்சத்திரமும் இருந்தன. நம் தேசியக் கொடியில் உள்ளவை. 2018இல் வந்த எக்ஸ்70ஐப் பாருங்கள். அடிப்படை, சீனாவின் ஜீலி போயுவே. அந்தக் காரின் கிரிலில் நீரலை போன்ற வளையங்கள். நம் எக்ஸ்70இல் அந்த இடத்தில் 'இன்ஃபினிட் வீவ்' என்று பெயரிட்ட நெசவுக் கோலம். முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்தும் அதே உத்தி! ஒரு சின்னமும் ஒரு நெசவும் மாறினால் கார் மலேசியக் கார் ஆகிவிடுமா? என் கோலமும் இப்படித்தானோ என்று மனம் சோர்ந்தது.

அந்தச் சோர்வோடுதான் தாத்தாவிடம் பேசினேன். தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1987இல் வாங்கிய சாகாவைப் பழைய இரும்புக்குப் போடும்வரை ஓட்டியவர். கொடுப்பதற்கு முன் சின்னத்தை மட்டும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார்.

"அது ஜப்பான் காடிதானே தாத்தா? சின்னத்த மட்டும் மாத்தி வித்துருக்காங்க" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று சிரித்தார். "வாக்குக் கொடுத்த மாதிரிதான் அது. இன்னிக்கு ஒட்டுறோம், நாளைக்கு நாமே செய்வோம்னு. அத நம்பித்தான் வாங்குனோம்."

அந்த வாக்கு நிறைவேற 15 ஆண்டுகள் ஆயின. 2000இல் வந்த வாஜாதான் புரோட்டோன் தானே வடிவமைத்த முதல் கார். வேடிக்கை என்னவென்றால், அதில் பிறையும் நட்சத்திரமும் இல்லை. புலித் தலைச் சின்னம் அவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தாத்தாவின் டின்னில் இருப்பது அந்தப் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு என்று எனக்குத் தோன்றியது.

அன்றிரவு என் வரைபடத்தை மீண்டும் எடுத்தேன். என் கோலம் என்ன வாக்குக் கொடுக்கிறது? ஒன்றுமில்லை, அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவே. அம்மா கோலம் போடும் முறையை யோசித்தேன். முதலில் புள்ளி, புள்ளியைச் சுற்றித்தான் கோடு. கிரிலிலும் முதலில் வேண்டியது துளைதானே! புள்ளிகளைக் காற்றுத் துளைகளாக்கினேன். ரேடியேட்டருக்கு நேராகப் பெரிய புள்ளிகள். ஓரம் போகப் போகச் சிறியவை. காற்று தேவைப்படாத இடத்தில் மூடிய புள்ளிகள். சுற்றி வளையும் கோடுகள், துளைகளைத் தாங்கும் சட்டங்கள் ஆயின. இப்போது கோலத்தை எடுத்தால் கிரிலே இருக்காது.

சென்ற வாரம் அதைக் காட்டினேன். விரிவுரையாளர் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. "இவ்வளவு மெல்லிய சட்டம் ஒரு கல் பட்டால் தாங்குமா?" என்றார். அதற்கும் பதில் தெரியவில்லை. ஆனால் இந்த முறை கோபம் வரவில்லை. நாளை காகித அட்டையில் ஒரு மாதிரி வெட்டிப் பார்க்கப் போகிறேன்.

நண்பர்களே, பள்ளி வாசலிலோ அடுக்குமாடி நிறுத்துமிடத்திலோ நிற்கும் ஒரு காரின் முன் இன்று ஒரு நிமிடம் நில்லுங்கள். அதன் ஒரு வளைவைத் தேர்ந்தெடுத்து என் விரிவுரையாளரின் கேள்வியைக் கேளுங்கள். சில வளைவுகள் பதில் சொல்லும். சில, என் முதல் கோலத்தைப் போல, விழிக்கும்.