அக்குளில் அறுக்கும் வார்: செயற்கைக் கையும் பெண்களின் சௌகரியமும்

செயற்கைக் கை என்றவுடன் நம் மனம் விரல்களையும் கொக்கியையுமே நினைக்கிறது. பத்திரிகைகளும் அதன் நுனியில் நடக்கும் விந்தையைத்தான் விரிவாக வர்ணிக்கின்றன. காலையில் அதை மாட்டிக்கொண்டு மாலையில் கழற்றுகிற பெண்மணியைக் கேட்டால், பேச்சு வேறோர் இடத்திலிருந்து தொடங்கும். அந்தக் கையை உடலோடு பிணைத்து, அதை இயக்கும் விசையையும் கடத்திக் கொடுக்கிற தோள்வார், தொழில் செய்கிறவர்கள் ஹார்னஸ் என்று சொல்வது, எந்த இடத்தில் அறுக்கிறது, எந்த இடத்தில் வழுக்குகிறது, வியர்வையில் எந்த இடத்தைப் புண்ணாக்குகிறது என்பதே அவருடைய அன்றாட விஷயம். கை நன்றாக அமைந்தும் வார் சரியில்லாமல் பெட்டிக்குள் போய்விட்ட செயற்கைக் கைகள் பல.

முழங்கைக்குக் கீழே கை இழந்த ஒருவர் அணியும், உடலின் விசையாலேயே இயங்கும் சாதாரணச் செயற்கைக் கையை எடுத்துக்கொள்வோம். எஞ்சிய கைப்பகுதியை ஏற்றுக்கொள்ளும் சாக்கெட், அதன் முனையில் இரு கவையுள்ள கொக்கி, கொக்கியை மூடியே வைத்திருக்கும் ரப்பர் வளையங்கள், அதைத் திறப்பதற்குச் சைக்கிள் பிரேக்கில் இருப்பதைப் போன்ற உறையிட்ட எஃகுக் கம்பி, இவற்றையெல்லாம் உடலோடு சேர்ப்பது எண் 8இன் வடிவில் முதுகில் குறுக்கிடும் வார். நல்ல கையின் அக்குளைச் சுற்றி ஒரு வளையமாகப் புறப்படும் அது, முதுகில் பிடரி எலும்புக்குச் சற்றுக் கீழே தன்னைத்தானே குறுக்கிட்டு, ஒரு கிளையாக மறுபுறத் தோளைத் தாண்டி முன்பக்கம் இறங்கிச் செயற்கைக் கையின் பாரத்தைத் தாங்குகிறது. மற்றொரு கிளையாகத் தோள்பட்டை எலும்பின்மேல் சரிந்து சென்று இழுகம்பியைப் பிடிக்கிறது. அணிந்தவர் அந்தக் கையை முன்னே நீட்டினாலும், இரு தோள்களையும் முன்னுக்குக் குவித்தாலும், முதுகு அகன்று கம்பி இழுபட்டுக் கொக்கி திறக்கிறது. உடலைத் தளர்த்தினால் ரப்பர் அதை மூடிவிடுகிறது. இதற்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் இழுப்பு போதும். முழங்கைக்கு மேலே இழந்தவர்களுக்கோ, முழங்கையை மடக்குகிற வேலையும் அதே கம்பிக்கு வந்து சேர்வதால், இரண்டு மடங்குக்கும் அதிகமான இழுப்பு வேண்டியிருக்கிறது. இத்தனை இழுப்புக்கும் எதிர்த்தாங்கலாக நிற்பது நல்ல கையின் அக்குள். கைக்குப் போகும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் மெல்லிய சதைக்குள் நெருங்கி ஓடும் அந்த இடத்தைவிட மென்மையான இடம் மேலுடலில் வேறு இல்லை.

தோளின் அசைவைக் கொண்டு கையை இயக்கலாம் என்னும் எண்ணம் பழையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரத்துப் பல் வைத்தியர் பீட்டர் பாலிஃப் தோல்வார்களால் அதைச் செய்து காட்டினார். அதே நகரத்தில் 1836இல் கரோலின் ஐக்ளர் என்னும் பெண்மணி ஒரு செயற்கைக் கைக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றாண்டுகளுக்கு முன்பு செயற்கைக் காலுக்கும் பெற்றிருந்த அவரே பிரஷ்யாவில் காப்புரிமை பெற்ற முதல் பெண். இன்றும் உபயோகத்தில் இருக்கும் இரட்டைக் கவைக் கொக்கிக்கு, மர அறுவை ஆலையில் தம் கையை இழந்த அமெரிக்கர் டாரன்ஸ் 1912இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் தோள்வார் ஒரு சாஸ்திரமாக வளர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டித்தான். கை கால் இழந்து திரும்பிய வீரர்களின் மனக்குறையைக் கண்ட அமெரிக்க அரசு 1945இல் தேசிய அறிவியல் கழகத்தின் துணையோடு பெரிய ஆராய்ச்சித் திட்டமொன்றைத் தொடங்கியது. நார்த்ராப் விமான நிறுவனத்தின் பொறியாளர்கள் உறையிட்ட கம்பியைச் செயற்கைக் கைக்குக் கொண்டுவந்தார்கள். சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் முதுகில் வார்கள் குறுக்கிடும் இடத்தில் தையலுக்குப் பதிலாக ஓர் உலோக வளையத்தை வைத்து, ஒவ்வொரு வாரையும் தனித்தனியே நீட்டவும் குறுக்கவும் வழி செய்தார்கள். 1955இல் ராபர்ட் பர்ஸ்லி இந்த வார் அமைப்புகளையெல்லாம் தொகுத்து எழுதிய நீண்ட கட்டுரையின் அடிப்படைகளை இன்றைய பட்டறைகளிலும் காணலாம்.

இந்தப் பிரயாசையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதனால் வாழ்வு பெற்றவர்கள் அநேகர். ஆனால் அத்தனை அளவுகளும் எந்த உடலை முன்னிறுத்தி எடுக்கப்பட்டன என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். செயற்கைக் கையைப் பொருத்தி முடித்ததும் அது சரியாக இயங்குகிறதா என்று பார்க்க அக்காலத்தில் வகுத்த பரீட்சை ஒன்று உண்டு: அணிந்தவர் கொக்கியை வாய்க்கு அருகே கொண்டுபோய்த் திறந்து காட்டவேண்டும், பிறகு கால்சட்டையின் முன்பித்தான்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து காட்டவேண்டும். உண்பதும் உடுப்பதும் மனிதனின் முதல் தேவைகள் என்ற அளவில் அது நியாயமான பரீட்சையே. தலையைப் பின்னிக்கொள்வதற்குப் பிடரியிலும், புடவைக் கொசுவத்தைச் செருகுவதற்கு இடுப்பிலும், ரவிக்கையின் கொக்கிகளை மாட்டுவதற்கு மார்பின் நடுவிலும், குழந்தையை இடுப்பில் ஏந்தியபடியும் கொக்கி திறக்கவேண்டும் என்பது அந்தப் பட்டியலில் ஏறவில்லை. பரீட்சையில் இல்லாத அசைவு அளவெடுக்கும்போதும் நினைவுக்கு வராது.

பெண்ணின் உடலில் இந்த வார் சந்திக்கும் சங்கடங்களில் முதலாவது முன்புறக் கிளை. ஆணின் மார்பில் தோளிலிருந்து நேராக இறங்கிப் படிந்துவிடும் அது, பெண்ணின் மார்பில் சற்று உள்ளே நகர்ந்தாலும் ஸ்தனத்தின் மேல் ஏறி அழுத்துகிறது. வெளியே நகர்ந்தால் தோளின் விளிம்பிலிருந்து நழுவுகிறது. முழங்கைக்கு மேலே கை இழந்து, பாரம் தூக்கவேண்டியவர்களுக்கு மார்பைச் சுற்றி வரும் பட்டையைக் கொடுப்பது வழக்கம்; பெண்களுக்கு அது மேலே ஏறிக்கொண்டே வந்து, இழுக்கும்போதெல்லாம் மார்பை நசுக்குவதால், அவர்களுக்குச் சிரமமே மிஞ்சுகிறது. ஏற்கெனவே உள்ளாடையின் பட்டி படிந்திருக்கும் அதே தோளில் இன்னொரு வார் வந்து அமரும்போது இரண்டின் விளிம்புகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சதையைக் கிள்ளுகின்றன. கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் மார்பின் அளவே மாறிவிடுகிறது; ஒருநாள் எடுத்த அளவை வருஷக்கணக்கில் சுமக்கும்படி விடுவது நியாயமாகாது.

அக்குளில் வலிக்கிறது என்று வருகிறவருக்கு அங்கே ஒரு பஞ்சுத் திண்டை வைத்து அனுப்புவது சகஜம். அது தேவைதான், ஆனால் வலியின் காரணம் பெரும்பாலும் மறுமுனையில் இருக்கிறது. கொக்கியில் ரப்பர் வளையங்களைக் கூட்டக் கூட்ட பிடி இறுகும். அவ்வளவு அதிகமாக இழுத்தால்தான் திறக்கும். உறைக்குள் கம்பி உராய்வதாலும், வழியில் வளைந்து திரும்புவதாலும் ஒரு பங்கு விசை வீணாகிறது. கொக்கியைத் திறக்க 3.5 கிலோ இழுப்பு வேண்டும், கம்பியோ கொடுத்த விசையில் நூற்றுக்கு 70 பங்கைத்தான் கடத்துகிறது என்றால், அக்குள் 5 கிலோவைத் தாங்கியாக வேண்டும். அதுவும் ஒரு நாளில் எத்தனை முறை கொக்கி திறக்கிறதோ அத்தனை முறை. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோனா ஹிச்செர்ட், டிக் பிளெட்டன்பர்க் ஆகியோர் 2018இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இத்தகைய கைகளில் பெரும்பாலானவற்றைக் களைப்பில்லாமல் இயக்குவது உபயோகிப்போரில் பெரும்பாலோருக்குச் சாத்தியமில்லை என்று கண்டது. தோள் அகலமும் தசைவலிமையும் சராசரியில் குறைந்திருக்கும் பெண்களுக்கு அந்தப் பாரம் இன்னும் கடுமையாகவே இருக்கும். ஆகையால் எஃகுக் கம்பிக்குப் பதிலாக ஸ்பெக்ட்ரா என்னும் வழவழப்பான இழைக்கயிற்றை இடுவதும், உறைக்குள் டெஃப்ளான் குழாய் செருகுவதும், அலுமினியக் கொக்கியால் எடையைக் குறைப்பதும், வேலைக்குத் தக்கபடி ரப்பர் வளையங்களைக் கூட்டிக் குறைக்கக் கற்றுக்கொடுப்பதும் திண்டைவிட மேலான மருந்து என்பது என் அபிப்பிராயம்.

மார்பை வாரிலிருந்து விடுவிக்கும் வழியும் உண்டு. ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரில் 1950களில் ஹெப், கூன் என்னும் இருவர், முழங்கை எலும்பின் மேடுகளைக் கவ்வித் தானாகவே நிற்கும் சாக்கெட்டை அமைத்தார்கள். பாரத்தைச் சாக்கெட்டே தாங்கிக்கொள்வதால் முன்புறக் கிளை தேவையற்றுப் போகிறது. மிஞ்சுவது அக்குள் வளையமும் இழுகம்பிக்குப் போகும் கிளையும் மட்டும், எண் 9இன் வடிவில். முழங்கைக்குக் கீழே கை இழந்த பெண்களுக்கு முதலில் இதைத்தான் பரிசீலிக்கவேண்டும். இதற்கும் ஒரு படி மேலே போனவர் அமெரிக்காவின் டெப்ரா லதூர். பிறவியிலேயே கைக்குறையுள்ளவர், செயற்கைக் கை அணிகிறவர், கைப்பயிற்சி அளிக்கும் சிகிச்சையாளர். அவருடைய முறைப்படி, செயற்கைக் கை இருக்கும் பக்கத்துத் தோள்பட்டை எலும்பின்மேல் தோலில் ஒட்டும் பட்டையொன்றைப் பதித்து, இழுகம்பியை அதிலேயே மாட்டிவிட்டால், மறுபுறத்து அக்குள் முழுவதும் விடுதலை பெறுகிறது. தோள்பட்டையை முன்னுக்குத் தள்ளினால் கொக்கி திறக்கிறது. அணிகிறவரே அமைப்பாளராக இருந்ததால் பிறந்த தீர்வு அது. மென்மையான தோலும் பெருகும் வியர்வையும் உள்ளவர்களிடம் ஒட்டு நிலைப்பது கடினம் என்பதையும், கனமான வேலைக்கு அது ஏற்றதல்ல என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

மின்சாரக் கை வந்தால் வாரே வேண்டாமல் போகும் என்பது பாதி உண்மை. முழங்கைக்குக் கீழே அது பொருந்தும்; மேலே கை இழந்தவர்களுக்கு, கனம் கூடிய அந்தக் கையைத் தாங்கவே வார் வேண்டியிருக்கிறது. மின்சாரக் கையைக் கைவிடுகிறவர்களும் அதிகம் குறைவில்லை: கனடாவின் எலைன் பிடிஸ், டாம் சாவ் இருவரும் 25 ஆண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2007இல் வெளியிட்ட கணக்கில், உடல்விசைக் கைகளைக் கைவிட்ட பெரியவர்கள் சராசரியாக நூற்றுக்கு 26 பேர், மின்சாரக் கைகளைக் கைவிட்டவர்கள் 23 பேர்.

நம் நாட்டில் இந்த விஷயத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அது உடை. புடவையின் முந்தானை இடத்தோளில் விழுகிறது. இடக்கை இழந்த பெண்ணுக்கு அதே தோளில்தான் முன்புற வாரும் ஓடுகிறது. முந்தானையை ஊக்கால் ரவிக்கையோடு குத்திவிட்டால், கொக்கியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வார் நகர்ந்து ஊக்கை இழுக்க, மடிப்பு கலைகிறது, சில வேளை துணியும் கிழிகிறது. ஊக்கைச் சற்று முதுகுப்பக்கம் தள்ளிக் குத்தினாலும், வார் நகரும் வழியில் ரவிக்கைக்குள் வழவழப்பான துணியை வைத்துத் தைத்தாலும் இந்த உபத்திரவம் குறையும். உடலோடு ஒட்டித் தைக்கும் நம் ரவிக்கையின் கை, சாக்கெட்டின் மேல் ஏறுவதில்லை. அக்குள் சுற்றைத் தளர்த்தி, கையின் தையலைப் பிரித்து, அழுத்துப் பித்தானோ வெல்க்ரோவோ வைக்கவேண்டியிருக்கிறது. இழுகம்பி முதுகிலிருந்து கைக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சிறு திறப்பு விட்டால் கம்பி மடங்காமல் ஓடும். இவற்றையெல்லாம் செய்யத் தெரிந்தவர் தெருக்கோடித் தையல்காரர். ஆனால் அவரும் செயற்கைக் கை செய்கிறவரும் ஒருவரையொருவர் சந்திப்பதே இல்லை. 1972இல் கான்பூரில் செயற்கை உறுப்புகள் தயாரிக்கும் அலிம்கோ நிறுவனம் அமைந்தது முதலும், 1981இல் மாற்றுத்திறனாளிகளுக்கு உபகரணம் வழங்கும் மத்திய அரசின் அடிப் திட்டம் வந்தது முதலும் உபகரணங்கள் ஏழைகளுக்கும் கிடைத்து வருகின்றன. அவற்றோடு ஒரு தையல்காரரின் அரைநாள் உழைப்பையும் சேர்த்துவிட முடியாதா?

அளவெடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். முதுகைத் திறந்து காட்டவேண்டிய காரியமாகையால் அந்த அறையில் ஒரு பெண் நிபுணராவது உதவியாளராவது இருக்கவேண்டும். அந்நிய ஆடவர் முன்னிலையில் மார்பில் அழுத்துகிறது என்று வாய் திறந்து சொல்ல நம் பெண்கள் கூசுவார்கள். சொல்லாத வலியைத் திருத்த எவராலும் முடியாது. தினமும் அணிகிற உள்ளாடையையும் ரவிக்கையையும் அணிந்தே அளவு கொடுக்கவேண்டும். முன்புற வாரை உள்ளாடையின் பட்டியோடு சேர்த்துத் தைத்து இரண்டு விளிம்புகளை ஒன்றாக்கும் உபாயமும் உண்டு. ஆனால் ஒற்றைக் கையால் அதைத் தானே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்பதை அங்கேயே பார்த்துவிடவேண்டும். பருத்தி நாடா மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், துவைத்தால் சுருங்கும். டாக்ரான் நாடா நீடித்து உழைக்கும், அதன் விளிம்பு கடினம். அக்குள் வளையத்துக்கு ஒன்றும் மற்ற இடங்களுக்கு இன்னொன்றுமாகக் கலந்து உபயோகிப்பது நலம். நம் வெயிலுக்கு ஒரு வார் போதாது. ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று தோளில் இருக்கும்படி, முதல் நாளே இரண்டு வார்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். முதல் மாதம் முடிந்ததும் அக்குளில் தோல் கறுத்திருக்கிறதா, விரல்களில் மரமரப்பு உண்டா என்று பார்த்து வார்களின் நீளத்தை மாற்றிக் கட்டுவதும், பிரசவத்துக்குப் பிறகு மறுபடியும் அளவெடுப்பதும் செயற்கைக் கையின் விலைக்குள்ளேயே அடங்கிய வேலைகள். அவற்றுக்காகத் தனியே வேண்டிக்கொள்ளும் நிலையில் எந்தப் பெண்ணையும் வைக்கக் கூடாது.