26 தொடர் வெற்றி, நான்காம் இடம்

1916-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி தொடர்ந்து 26 ஆட்டங்களில் வென்றது. நடுவே ஓர் ஆட்டம் சமனில் முடிந்ததே தவிர, தோல்வி என்று ஒன்றுகூட இல்லை. அமெரிக்க மேஜர் லீக்கில் நூறாண்டு கடந்தும் யாரும் அந்தச் சாதனையைத் தொடவில்லை. இருந்தும் சீசன் முடிந்தபோது ஜயன்ட்ஸ் நின்றது நான்காம் இடத்தில். லீக்கில் முதலிடம் பிடிக்கும் அணிக்குரிய பென்னன்ட் கொடி புரூக்ளினுக்குப் போனது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. அந்த ஆண்டு ஜயன்ட்ஸ் 86 வென்று 66 தோற்றது. அந்த 26-ஐக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 60 வெற்றி, 66 தோல்வி. மற்ற ஆட்டங்களில் பாதிக்கும் குறைவாக வென்ற அணியை ஒரு பொன்னான மாதம் கரைசேர்க்கவில்லை.

சீசன் முடியும் தறுவாயில் பின்னாலிருந்து எழுந்து வந்த அணிகளின் கதைகளை அமெரிக்கர்கள் மன உறுதியின் கதைகளாகவே சொல்லி வருகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால், ஆட்டப் பதிவுகளைப் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. ஏப்ரலில் பெற்ற வெற்றிக்கும் செப்டம்பரில் பெற்ற வெற்றிக்கும் எடை ஒன்றே. கடைசி வாரத்தில் முடிவைத் திருப்புவது பெரும்பாலும் பந்து வீசும் பிட்சர்களின் தோள்தான். யாருடைய தோள் ஓய்ந்திருக்கிறது, யாருடையது இன்னும் தாங்குகிறது என்பதே கேள்வி. இதை மறந்துவிடுவதால், தோற்ற அணியில் யாரோ ஒருவர் தலையில் ஆயுள் முழுக்கப் பழி விழுகிறது. அது அநியாயம் என்பது என் கருத்து.

எல்லோரும் முதலில் சொல்லும் உதாரணம் 1951. ஆகஸ்ட் 11 அன்று அதே ஜயன்ட்ஸ் அணி வெற்றி தோல்விக் கணக்கில் புரூக்ளின் டாட்ஜர்ஸைவிட பதின்மூன்றரை ஆட்டம் பின்தங்கியிருந்தது. மறுநாள் தொடங்கித் தொடர்ந்து 16 வெற்றி. கடைசி 44 ஆட்டங்களில் 37 வெற்றி. இரு அணிகளும் 96 வெற்றி, 58 தோல்வி என்று சமமாக வந்து நிற்க, மூன்று ஆட்டத் தீர்வுத் தொடர் தேவைப்பட்டது. 37-7 என்பது அசாதாரணம், சந்தேகமே இல்லை. ஆனால், சீசனின் தொடக்கத்தில் இதே அணி முதல் 14 ஆட்டங்களில் 12-ஐத் தோற்றது. அதில் 11 தொடர் தோல்வி. அவற்றில் ஒன்றே ஒன்றை வென்றிருந்தால் தீர்வுத் தொடரே வந்திருக்காது. டாட்ஜர்ஸும் சரிந்து விழவில்லை. ஆகஸ்ட் 11-க்குப் பிறகு 26 வென்று 22 தோற்றது. சுமாரான ஆட்டம், அவ்வளவே.

டாட்ஜர்ஸின் பிட்சர் டான் நியூகோம்பின் தோளைப் பாருங்கள். செப்டம்பர் 29 அன்று அவர் முழு ஆட்டமும் வீசி, எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. மறுநாள் பிலடெல்பியாவில் ஆட்டம் 14 இன்னிங்ஸ் வரை இழுத்தது. அதில் மாற்று பிட்சராக வந்து ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். இரண்டு நாள் இடைவெளியில், அக்டோபர் 3 அன்று, தீர்வுத் தொடரின் கடைசி ஆட்டத்தைத் தொடங்கியவரும் அவரே. ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு டாட்ஜர்ஸ் 4-1 என்ற முன்னிலையோடு வந்தது. அங்கேதான் அவர் தளர்ந்தார். 4-2 ஆனது, இரண்டு பேர் பேஸ்களில் நின்றார்கள். மாற்றாக வந்த ரால்ஃப் பிராங்காவும் இரண்டு நாள் முன்புதான் தீர்வுத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார். அவருடைய இரண்டாவது பந்தை ஜயன்ட்ஸின் பாபி தாம்சன் இடதுபக்க இருக்கைகளுக்குள் அடித்தார். 5-4. அந்த ஒரு பந்துக்காக பிராங்காவை அவர் இறந்த 2016 வரை உலகம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஜயன்ட்ஸ் ஏமாற்றியதே என்பார்கள். உண்மைதான். அந்த அணியின் சொந்த மைதானமான போலோ கிரவுண்ட்ஸின் கோடியிலிருந்த அறையில் தொலைநோக்கி வைத்து, எதிரணி கேட்சரின் சைகைகளைப் படித்து, மின்மணி வழியாகத் தகவல் சொன்ன ஏற்பாட்டைப் பத்திரிகையாளர் ஜோஷுவா பிரேகர் 2001-இல் வெளிக்கொண்டு வந்தார். அது இழுக்கு, மூடி மறைக்கத் தேவையில்லை. ஆனால், அந்தத் தொலைநோக்கி வெளியூருக்குப் போகாது. சமநிலையை எட்டித் தந்த கடைசி நான்கு ஆட்டங்களை ஜயன்ட்ஸ் வென்றது பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும்.

செப்டம்பரில் நெருக்கடி கூடுகிறது, அதில் மனம் உடைபவர்கள் தோற்கிறார்கள், ஆகவே அந்த மாதம் மற்ற மாதங்களைப் போல அல்ல என்பது வலுவான மறுப்பு. அதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது 1964-இன் பிலடெல்பியா ஃபிலீஸ். 12 ஆட்டங்கள் மீதமிருக்க ஆறரை ஆட்ட முன்னிலை. பிறகு 10 தொடர் தோல்வி. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஒரே ஓர் ஆட்ட வித்தியாசத்தில் பென்னன்ட்டைப் பறித்தது. முதல் தோல்வி 0-1. சின்சினாட்டியின் சிக்கோ ரூயிஸ் மூன்றாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு ஓடித் திருடிய ரன் அது. அன்றைக்கே அணியின் மனம் உடைந்தது என்பது வழக்கமான விளக்கம். ஆனால், மேலாளர் ஜீன் மாக் அடுத்து என்ன செய்தார்? ஜிம் பன்னிங், கிறிஸ் ஷார்ட் என்ற இரண்டு பிட்சர்களையே இரண்டு நாள் ஓய்வில் திரும்பத் திரும்ப இறக்கினார். களைத்த தோளைப் பதறிய மனமாக நாம் படித்துவிடுகிறோம். நெருக்கடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது மேலாளரின் முடிவைத்தான் முதலில் கெடுத்தது என்கிறேன்.

1978-ஐ எடுத்தால் இன்னும் தெளிவு. ஜூலை 19 அன்று நியூயார்க் யாங்கீஸ் பாஸ்டன் ரெட் சாக்ஸைவிட 14 ஆட்டம் பின்னால். செப்டம்பர் 7 முதல் 10 வரை பாஸ்டன் மைதானத்தில் நான்கு ஆட்டங்களையும் மொத்தம் 42-9 என்ற ரன் கணக்கில் வென்றதைப் படுகொலை என்றே பத்திரிகைகள் எழுதின. ஆனால், அந்தத் தொடர் தொடங்கும்போதே இடைவெளி நான்காகச் சுருங்கியிருந்தது. பத்து ஆட்ட இடைவெளி ஜூலை, ஆகஸ்ட் வெயிலில், யாரும் பெயர் வைக்காத நாள்களில் கரைந்துபோனது. மனம் உடைந்ததாகச் சொல்லப்பட்ட ரெட் சாக்ஸ் கடைசி எட்டு ஆட்டங்களையும் வென்று சமநிலைக்கு வந்தது. உடைந்த மனத்துக்கு இது முடியுமா? தீர்வு ஆட்டத்தில் யாங்கீஸின் பக்கி டென்ட்டின் ஹோம் ரன் எல்லாவற்றையும் மறக்கடித்தது.

வேகம் பிடித்த அணியை நிறுத்த முடியாது என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. 1901-க்குப் பிறகு 20 அல்லது அதற்கு மேல் தொடர் வெற்றி கண்டவை நான்கே அணிகள்: 1916 ஜயன்ட்ஸ், 21 வென்ற 1935 சிகாகோ கப்ஸ், 20 வென்ற 2002 ஓக்லாந்து, 22 வென்ற 2017 கிளீவ்லாந்து. ஒன்றுகூட சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரை வெல்லவில்லை. ஓக்லாந்தும் கிளீவ்லாந்தும் பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறின. 19 தொடர் வெற்றி கண்ட 1906 சிகாகோ ஒயிட் சாக்ஸும் 1947 யாங்கீஸும் உலகத் தொடரை வென்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை நல்ல அணிகள் என்பதால் வென்றன. 19 என்பதில் இருக்கும் மந்திரம் 20-இல் தீர்ந்துபோயிருக்க முடியாது.

1914 பாஸ்டன் பிரேவ்ஸ் மட்டும் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஜூலை 4 அன்று கடைசி இடம், முதலிடத்துக்கு 15 ஆட்டம் தூரம். பிறகு 68 வெற்றி, 19 தோல்வி. பத்தரை ஆட்ட முன்னிலையில் பென்னன்ட். உலகத் தொடரில் பிலடெல்பியா அத்லெடிக்ஸை 4-0 என்று துடைத்தெடுத்தது. இதை அற்புதம் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆனால், 87 ஆட்டம் என்பது பாதி சீசனுக்கும் மேல். அவ்வளவு நீண்ட காலம் ஓர் அணி இப்படி ஆடினால், அதற்கு முந்தைய 66 ஆட்டங்கள்தான் விதிவிலக்கு. ஜார்ஜ் ஸ்டாலிங்ஸ் நடத்திய அந்த அணியின் பலம் டிக் ருடால்ஃப், பில் ஜேம்ஸ், லெஃப்டி டைலர் என்ற மூன்று பிட்சர்கள். ஜேம்ஸ் அந்த ஆண்டு 26 வென்றார். மறு ஆண்டே அவர் தோள் கெட்டது. 1915-க்குப் பின் மேஜர் லீக்கில் அவர் ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை.