கிளட்ச் நழுவுதா? பழைய பவர் டில்லர் வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள்



குழுவில் ஐந்தாறு உறுப்பினர்கள் சேர்ந்து, கடன் எடுத்து, பழைய பவர் டில்லர் வாங்கலாம் என்று பல ஊர்களில் யோசிக்கிறார்கள். சொந்த வயலையும் உழலாம், வாடகைக்கும் விடலாம். நல்ல யோசனைதான். ஆனால் புது பெயிண்ட் அடித்த வண்டியைப் பார்த்து, "ஸ்டார்ட் ஆகுது, ஓடுது" என்று முன்பணம் கொடுத்துவிடக் கூடாது. "ரோட்டுல நல்லா ஓடுது, வயல்ல இறக்கினா இழுக்க மாட்டேங்குது" என்ற புகாரை நாங்கள் கேட்டிருக்கிறோம். கிளட்ச் நழுவினால் இப்படித்தான் ஆகும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

பவர் டில்லரில் இன்ஜினின் சக்தி முதலில் பெல்ட்டுக்குப் போகிறது. அங்கிருந்து கிளட்ச், பிறகு கியர் பெட்டி, கடைசியாகச் சக்கரமும் உழும் கத்திகளும். கிளட்சுக்குள் இருக்கும் பிளேட்டுகளை ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்பில்தான் சக்தி கடக்கிறது. எண்ணெய்க் கையோடு பாட்டில் மூடியைத் திருகிப் பாருங்கள். கை சுற்றும், மூடி சுற்றாது. பிளேட் தேய்ந்தாலும், அதில் ஆயில் பட்டாலும் இதே கதைதான். வெறும் வண்டியாக ஓடும்போது இது தெரியாது. பாரம் ஏறும்போதுதான் தெரியும்.

குற்றவாளி யார்? மூன்று பேரில் ஒருவர்

வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் சத்தத்தைக் கேளுங்கள்.

1. இன்ஜின்: பாரம் ஏறியதும் சத்தம் அமுங்கி, கரும்புகை கக்கி, வண்டி நிற்கப் பார்த்தால் கோளாறு இன்ஜின் பக்கம் இருக்கலாம். கிளட்ச் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

2. பெல்ட்: இன்ஜின் சத்தம் குறையவில்லை, ஆனால் சக்கரம் தயங்குகிறது. கூடவே கீச்சென்ற சத்தமும் ரப்பர் கருகும் வாடையும் வந்தால் பெல்ட்டைப் பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். பெல்ட் தொளதொளவென்று இருக்கிறதா, பக்கவாட்டில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டதா, வெடிப்பு உண்டா, ஆயில் படிந்திருக்கிறதா? மாற்றுவதானால் எல்லாப் பெல்ட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் புதுசு மட்டும் பாரம் சுமந்து சீக்கிரம் போய்விடும்.

3. கிளட்ச்: பெல்ட் நன்றாக இருக்கிறது. ஆனாலும் இன்ஜின் இரைகிறது, சக்கரம் நகர மறுக்கிறது, கிளட்ச் பக்கம் கருகல் வாடையும் சூடும் அடிக்கிறது. அப்படியானால் நழுவுவது கிளட்ச்தான்.

கிளட்ச் என்று தெரிந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். சில வண்டிகளில் லீவரின் அட்ஜஸ்ட்மெண்ட் தப்பியிருக்கும். லீவரைப் பிடிக்கும்போது ஆரம்பத்தில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக இருந்தால் பிளேட் முழுதாக ஒட்டாது. இதை மெக்கானிக் சரி செய்துவிடலாம். செய்த பிறகும் நழுவினால் பிளேட்டோ ஸ்பிரிங்கோ மாற்ற வேண்டியிருக்கும். கியர் ஆயில் கசிந்து பிளேட்டில் படுகிறது என்றால், பிளேட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் சீலையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் புதுப் பிளேட்டும் பாழ்.

வாங்கும் முன் சோதனை

* வண்டியை வயலில் இறக்கி, குறைந்தது அரை மணி நேரமாவது உழச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடிக்கும் கிளட்ச், சூடேறிய பிறகு நழுவலாம்.
* டிரைலரில் மூட்டை ஏற்றி, மேட்டில் கொஞ்சம் உயர்ந்த கியரில் ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் உஷார்.
* கிளட்சை விடுவித்தால் வண்டி உடனே நிற்க வேண்டும். ஊர்ந்துகொண்டே போனாலோ, கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ கிளட்ச் சரியாக விடவில்லை என்று அர்த்தம். அதுவும் கோளாறுதான்.
* விற்பவர் அழைத்து வரும் மெக்கானிக் போதாது. நமக்குத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

சோதனையின்போது பழக்கமானவர் மட்டுமே ஓட்ட வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். இன்ஜின் ஓடும்போது பெல்ட், கத்தி பக்கம் கை போகவே கூடாது.

கணக்கையும் பாருங்கள்

உதாரணமாக 80,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி மட்டும் 800 ரூபாய். நடவு நேரத்தில் வண்டி ஒரு மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்தாலும் அந்த 800 ரூபாயைக் கட்டித்தான் ஆக வேண்டும். வாடகை வருமானமும் போச்சு, ரிப்பேர் செலவும் தலையில். தவணை தவறினால் பாதிப்பு அந்த ஐந்து பேருக்கு மட்டும் இல்லை. குழுவுக்கே கெட்ட பெயர், அடுத்த கடன் கேட்டுக் காத்திருக்கும் சகோதரிக்கும் தாமதம்.

அதனால் கிளட்ச் நழுவுகிறது என்று தெரிந்தால், பிளேட், ஸ்பிரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்குங்கள். அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். "பெல்ட்தான் லூசு அக்கா, மாத்தினா சரியாப் போயிடும்" என்று சொன்னால், "சரி தம்பி, மாத்திட்டு வாங்க, திரும்ப உழுது பார்த்துட்டுப் பணம் தர்றோம்" என்று சொல்லுங்கள். வயலில் ஓட்டிப் பார்க்கவே சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள். வேறு வண்டி கிடைக்கும்.

சோதனையில் யார் யார் இருந்தார்கள், என்ன கோளாறு தெரிந்தது, விலை எவ்வளவு என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் பிறகு முன்பணம் கொடுங்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த உறுப்பினர் இதை வாசித்துக் காட்டலாம். ஏற்கெனவே டில்லர் வைத்திருக்கும் குழுக்கள் தங்கள் அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் எல்லோருக்கும் பயன்படும்.