விழுந்தவர்களின் காலம்

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும் எங்கள் கோயில் உபதேசியார் மைக்கைப் பிடிப்பார்: "வீட்டில் இருக்கிற பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள்." போன வருடம் ஓசன்னா பாடி ஏந்திப்போன ஓலை. சிலுவையாக மடித்து, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தது. வெளிறிப்போய், தொட்டால் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். மொத்தத்தையும் சட்டியில் கொளுத்திச் சல்லடையில் சலித்தால் ஒரு கிண்ணம் தேறினாலே அதிகம். அந்தச் சாம்பல்தான் புதன்கிழமை எல்லார் நெற்றியிலும்.

அந்த ஒரு நாளில், நற்கருணை வாங்குகிற வரிசையைவிடச் சாம்பல் பூசிக்கொள்கிற வரிசை நீளமாக இருக்கும். வருடம் முழுக்க வாசல் வேப்பமரத்தடியோடு நின்றுவிடுகிறவர்களும் அன்று உள்ளே வருவார்கள். குடியை விட முடியாதவர், மனைவியைப் பிரிந்து தனி வீடு எடுத்தவர், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியோடு அம்மாவுக்காக மட்டும் வந்த கல்லூரிப் பிள்ளை. சாம்பலுக்கு யாரும் தகுதி கேட்பதில்லை. தலையைக் குனிந்தால் போதும்.

மறுநாளே பேச்சு மாறிவிடும். யார் தவக்காலத்தின் நாற்பது நாளும் கவுச்சி தொடவில்லை, யார் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கிறார், யார் செருப்பில்லாமல் நடந்தே வேளாங்கண்ணி போனார். ஒறுத்தல் நல்லதுதான், நானும் முடிந்த மட்டும் செய்கிறேன். ஆனால் தவக்காலத்தின் பழைய வரலாற்றைப் புரட்டினால் அங்கே வரிசையில் நிற்பவர்களில் பலர் தோற்றவர்கள்.

கி.பி. 250. எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ரோமப் பேரரசன் தேசியுஸ் ஆணையிட்டான். அதிகாரிகள் முன்னால் பலியிட்டு, படையலைத் தின்று, சான்றுச் சீட்டு வாங்க வேண்டும். எகிப்து மணலில் அந்தப் பாப்பிரஸ் சீட்டுகள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. தாலுகா ஆபீஸ் மனு போலவே இருக்கும். மனுதாரர் பெயர், தகப்பன் பெயர், ஊர். 72 வயது முதியவர் ஒருவரின் சீட்டில் வலது புருவத்துத் தழும்புவரை அடையாளம் குறித்திருக்கிறார்கள். நான் என்றைக்கும் தெய்வங்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன் என்று உறுதிமொழி, கீழே சாட்சி. சீட்டு வாங்கியவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் என்றில்லை. கிறிஸ்தவர்களில் சிலர் மறுத்து உயிரை விட்டார்கள். பலர் பலியிட்டார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நெருக்கடி தணிந்ததும் அவர்கள் திருச்சபையின் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களுக்கு வைத்த பெயரே 'வீழ்ந்தவர்கள்'. சேர்த்துக்கொள்ளவே கூடாது என்று ரோமில் நோவாசியான் பிடிவாதமாக நின்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியானும் அவரோடு கூடிய ஆயர்களும் 251-இல் வேறு முடிவெடுத்தார்கள்: தவம் செய்யட்டும், திரும்ப வரட்டும். இந்தச் சிப்பிரியான் கலாபனையின்போது ஒளிந்திருந்தவர், அதற்காக ஏச்சும் வாங்கியவர். 258-இல் கழுத்தைக் கொடுத்துச் செத்ததும் அதே மனிதர்தான்.

325-இல் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாவது விதியில் 'நாற்பது நாள்' என்ற பேச்சு வருகிறது. பதினோராவது விதி வீழ்ந்தவர்களுக்கு. கட்டாயமே இல்லாமல் விசுவாசத்தை விட்டவர்கள் மூன்று வருடம் வாசகம் மட்டும் கேட்க வேண்டும், ஏழு வருடம் முழந்தாளிட வேண்டும், இரண்டு வருடம் காணிக்கையில் பங்கில்லாமல் மக்களோடு ஜெபிக்க வேண்டும். ஆகமொத்தம் பன்னிரண்டு வருடம். படிக்கும்போதே மூச்சு முட்டுகிறது. பதின்மூன்றாவது விதியில்தான் மூச்சு திரும்புகிறது: சாகக் கிடப்பவன் எந்தப் படியில் இருந்தாலும் கடைசி நற்கருணையை அவனுக்கு மறுக்கக் கூடாது.

திரும்பி வருகிறவனை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். யூதாசின் கதையில் எனக்கு உறுத்துவது இதுதான். பழைய தமிழ் விவிலியம் அவன் 'மனஸ்தாபப்பட்டான்' என்கிறது. இன்று அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனால் சொல்கிற அதே வார்த்தை. மனஸ்தாபம் வேறு, மனந்திரும்புதல் வேறு. யூதாஸ் முதலாவதோடு நின்றுவிட்டான் என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். மத்தேயுவைத் திறந்து பார்த்தால், அவன் தன் பாவத்தை வாய்விட்டுச் சொல்கிறான், குற்றமற்றவரைக் காட்டிக்கொடுத்தேன் என்கிறான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுவருகிறான். கேட்ட தலைமைக் குருக்களோ அது உன் பாடு என்று கையை விரித்துவிட்டார்கள். இரத்தப் பணம் காணிக்கைப் பெட்டியில் விழக் கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருந்து, குயவன் நிலத்தை வாங்கிப்போட்டார்கள். நம் பங்குகளில் யாராவது நடுங்கிக்கொண்டு வந்து வாயைத் திறக்கும்போது நாம் காட்டுகிற முகத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தோமாவுக்கு அந்த நிலை வரவில்லை. உயிர்த்த இயேசுவைக் கண்டதாக மற்றச் சீடர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆணித் தழும்பில் விரலை விட்டால்தான் ஆயிற்று என்றார். எட்டு நாள் கழித்து இயேசு வரும்போது தோமா எங்கே இருக்கிறார்? அதே அறையில், அவர்களோடு. பயத்தில் ஊருக்கே பூட்டிய கதவு நம்பாதவனுக்குப் பூட்டப்படவில்லை. அந்த எட்டு நாள் அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. போ என்று யாரும் சொல்லவில்லை, அவரும் போகவில்லை.

அந்தத் தோமா உயிர்விட்ட இடம் என்று மரபு சொல்வது நம் பரங்கிமலையை. தவக்காலத்தில் அங்கே சிலுவைப்பாதை செய்துகொண்டு படியேறுகிறவர்களைப் பார்க்கலாம். பதினான்கு நிலைகளில் 3, 7, 9 ஆகிய மூன்றிலும் இயேசு தரையில் விழுகிறார். நான்கு சுவிசேஷங்களில் எதிலும் இந்த விழுதல் கிடையாது. விழுந்து எழுந்து பழகிய சனங்களின் ஜெபத்தில் வந்து சேர்ந்தது அது.

பேதுரு விழுந்ததோ நான்கிலும் இருக்கிறது. குளிர் இரவு, தலைமைக் குருவின் முற்றம், வேலைக்காரர்கள் கரிநெருப்பு மூட்டிக் காய்கிறார்கள். பேதுருவும் பக்கத்தில் நின்று கையைக் காட்டிக்கொண்டே இயேசுவைத் தெரியாது என்கிறார், ஒன்றல்ல, மூன்று முறை. கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது. திருநெல்வேலிக்காரர் சென்னையில் வாயைத் திறந்த மாதிரி. சேவல் கூவியதும் வெளியே போய் அழுதார்.

கரிநெருப்புக்கு யோவான் எழுதிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று இந்த முற்றம். மற்றது கலிலேயக் கடற்கரை. இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் அகப்படாத விடியற்காலையில், கரையிலிருந்த ஒருவர் சொன்ன பக்கம் வீச, 153 பெரிய மீன்கள். ஆண்டவர் என்று கேட்டதும் பேதுரு தண்ணீரில் குதித்துவிட்டார். கரையேறினால் கரிநெருப்பு, மேலே மீன், பக்கத்தில் அப்பம். அந்தப் புகை மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும்!

மூன்று முறை மறுத்தவரிடம் மூன்று முறை கேட்க இயேசுவிடம் ஒரு கேள்வி இருந்தது, என்மேல் அன்பு உண்டா என்று. மீனையும் அப்பத்தையும் எடுத்து முதலில் பரிமாறினார். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அதைக் கேட்டார் என்று யோவான் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்.