ஊர் நினைப்பை வெல்ல ஒரு வீடு!

ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்புகள் படும் பாடு

பையனுக்கு வயது 18. பள்ளிக்கூடப் படிப்பு இப்போதுதான் முடிந்திருக்கிறது. சமைக்கத் தெரியாது. துணி துவைத்துப் பழக்கம் இல்லை. அம்மா எழுப்பினால்தான் எழுந்திருப்பான்.

ஒரு நாள் இரவு டெலிவிஷனில் அவன் பெயரை வாசிக்கிறார்கள். வீட்டில் ஒரே ஆரவாரம். அப்பா கட்டித் தழுவுகிறார். அம்மா கண்ணைத் துடைத்துக் கொள்கிறாள். சந்தோஷம் ஒரு பக்கம். துக்கம் ஒரு பக்கம். ஏனென்றால், பையன் இனி வாழப் போகும் ஊர் 2,700 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது!

சில நாட்களில் அவன் பெட்டியோடு விமானம் ஏறி விடுகிறான்.

இது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் கதை அல்ல. விளையாட்டுக்கு ஆள் எடுக்கும் கதை. ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதம் இது நடக்கிறது.

இப்படிப் போகும் பையன்களில் பலர் புது ஊரில் வேர் விட்டு விடுகிறார்கள். சிலர் இரண்டே ஆண்டில் ஊருக்குத் திரும்பி விடுகிறார்கள். தங்குகிறவனைத் தங்க வைப்பது எது? பணமா? புகழா? இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கிளப்புகளே தவித்திருக்கின்றன.

வேறு கால்பந்து

கால்பந்து என்றால் நமக்கு உருண்டைப் பந்துதான் நினைவுக்கு வரும். இது வேறு ஆட்டம். 1859-ம் ஆண்டு மெல்போர்ன் நகரில் இதற்கு விதி எழுதினார்கள்.

பந்து முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். கோஷ்டிக்கு 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தி அடுத்தவனுக்கு அனுப்பலாம். வீசி எறிய மட்டும் கூடாது. மைதானத்தின் இரு முனையிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி. பக்கத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி.

1897-ல் தொடங்கிய பெரிய போட்டியில் விக்டோரியா மாநிலத்துக் கிளப்புகள் மட்டுமே ஆடின. மெல்போர்ன்தான் அந்த மாநிலத்தின் தலைநகர். பையன்களில் பெரும்பாலோர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போகலாம். ஊர் நினைப்பு என்ற பேச்சுக்கே அதிக இடம் இல்லை.

பிறகு போட்டி நாடு முழுவதும் பரவியது. 1982-ல் ஒரு கிளப் சிட்னிக்குக் குடிபோயிற்று. 1987-ல் மேற்குக் கோடியில் உள்ள பெர்த்திலும், வடக்கே குவீன்ஸ்லாந்திலும் புதுக் கிளப்புகள் முளைத்தன. 1991-ல் அடிலெய்டு சேர்ந்தது. இன்று மொத்தம் 18 கிளப்புகள். அவற்றில் 10 விக்டோரியாவில் உள்ளன. மற்ற நான்கு மாநிலங்களில் ஆளுக்கு இரண்டு.

தொல்லை அங்கேதான் ஆரம்பம்!

கேட்டு எடுப்பதில்லை

புது வீரர்களை எடுக்கும் முறைக்கு 'டிராப்ட்' என்று பெயர். 1986-ல் இது தொடங்கியது.

அந்த ஆண்டுப் போட்டியில் கடைசி இடத்துக்கு வந்த கிளப்புக்கு முதல் உரிமை. நாட்டில் உள்ள பையன்களில் தலைசிறந்தவனை அது எடுத்துக் கொள்ளலாம். கோப்பையை வென்ற கிளப் கடைசியில்தான் எடுக்க வேண்டும். தோற்றவர்கள் தோற்றுக் கொண்டே இருக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு இது. ஒரு கிளப் தன் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கும் வரம்பு உண்டு. ஆகவே, பணத்தை வாரி இறைத்து எல்லோரையும் வளைத்துவிட முடியாது.

நல்ல முறைதான். ஆனால் அதில் ஒரு சங்கடம். "உனக்கு எந்த ஊர் பிடிக்கும்?" என்று பையனைக் கேட்டு எடுப்பதில்லை! பெர்த் கிளப் எடுத்தால் பெர்த். பிரிஸ்பேன் கிளப் எடுத்தால் பிரிஸ்பேன்.

முதல் ஒப்பந்தம் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குத்தான். அது முடிந்ததும் பையன் கை ஓங்கி விடுகிறது. "நான் ஊருக்குப் போகிறேன்" என்று அவன் சொன்னால், கிளப் பெரும்பாலும் வேண்டா வெறுப்பாகச் சம்மதிக்கிறது. சும்மா இழப்பதை விட, அவனை வாங்கும் கிளப்பிடம் பதிலுக்கு எதையாவது பெறுவது மேல் அல்லவா?

ஒரே ஆண்டில் 5 பேர்

பிரிஸ்பேன் லயன்ஸ் கிளப் பட்ட அடி எல்லோருக்கும் பாடமாயிற்று.

2001, 2002, 2003 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து கோப்பை வென்ற கிளப் அது. ஆனால் பிரிஸ்பேன் மக்களுக்கு ரக்பி ஆட்டத்தில்தான் மோகம். உள்ளூரில் போதிய பையன்கள் கிடைப்பதில்லை. தூர மாநிலங்களிலிருந்துதான் வர வேண்டும்.

2013-ம் ஆண்டு கிளப் தடுமாறியது. பயிற்சியாளர் நீக்கப்பட்டார். பருவம் முடிந்ததும் ஐந்து இளம் வீரர்கள் கிளம்பி விட்டார்கள். சாம் டாக்கர்ட்டி, பாட்ரிக் கார்னேசிஸ் இருவரும் சொந்த மாநிலமான விக்டோரியாவுக்குப் போனார்கள். ஜாரெட் போலெக் அடிலெய்டுக்குப் போனார். எலியட் யோ பெர்த்துக்குப் போனார். ஐந்தாமவர் பில்லி லாங்கர். வேடிக்கை என்னவென்றால், அவர் குவீன்ஸ்லாந்துக்காரர். அவரும் மெல்போர்ன் கிளப் ஒன்றுக்குப் போய் விட்டார்!

வளர்த்த கன்றுகள் காய்க்கும் முன்பே பிடுங்கிப் போனதுபோல் ஆயிற்று. 2015-ல் நாட்டிலேயே இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்ட ஜோஷ் ஷாக்கியும் 2017 முடிவில் விக்டோரியாவுக்குத் திரும்பினார். அந்த ஆண்டு 18 கோஷ்டிகளில் பிரிஸ்பேனுக்குக் கிடைத்தது 18-வது இடம்.

தூரம் மட்டுமா?

தூரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

ஜேசன் ஹார்ன்-பிரான்சிஸ் தெற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர். 2021-ல் நாட்டின் முதல் ஆளாக நார்த் மெல்போர்ன் கிளப் அவரை எடுத்தது. அடிலெய்டுக்கும் மெல்போர்னுக்கும் விமானத்தில் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனாலும் ஒரே ஆண்டில், 2022 முடிவில், போர்ட் அடிலெய்டு கிளப்புக்குத் திரும்பி விட்டார். ஆகவே, விக்டோரியா கிளப்புகளுக்கும் இந்தச் சோதனை உண்டு.

ஆட்டம் ஆடும் நேரத்தில் பையனுக்கு ஊர் நினைப்பு வருவதில்லை. ஆட்டம் இல்லாத நேரத்தில்தான் வருகிறது. காலில் அடிபட்டுப் படுத்திருக்கும்போது வருகிறது. கோஷ்டியில் பெயர் இல்லாத வாரத்தில் வருகிறது. தம்பி பிறந்த நாளில் வருகிறது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று டெலிபோன் வரும்போது வருகிறது.

அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? கேள்வி அதுதான்.

பெயரில் ஒரு தாய்

அந்தோணி மெக்டொனால்டு-டிபுங்வுட்டி என்ற வீரரின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

அவர் டிவி தீவுகளைச் சேர்ந்த ஆதிகுடி மகன். வடகோடி நகரமான டார்வினுக்கும் வடக்கே, கடலுக்கு நடுவே இருக்கும் தீவுகள் அவை. மெல்போர்னுக்கும் அங்கும் இடையே 3,000 கிலோ மீட்டருக்கு மேல். சொந்தக் கிளை, சொந்த பாஷை, சொந்த மண் என்று வாழும் மக்கள்.

பள்ளிப் பருவத்தில் அவர் விக்டோரியாவின் கிப்ஸ்லாந்து பகுதிக்கு வந்தார். ஆங்கிலம் சரியாகப் பேச வராது. ஒரு பெண்மணி அவரைத் தம் வீட்டில் வைத்துக் கொண்டார். பள்ளிக்கு அனுப்பினார். பெற்ற தாயைப்போல் பார்த்துக் கொண்டார்.

2016-ல் எசன்டன் கிளப்புக்காக அந்தோணி முதல் ஆட்டம் ஆடினார். 100 ஆட்டங்களுக்கு மேல் ஆடினார். அவருடைய பெயரில் 'டிபுங்வுட்டி' பிறந்த வீட்டுப் பெயர். 'மெக்டொனால்டு' வளர்த்த தாயின் குடும்பப் பெயர். இரண்டையும் சேர்த்தே வைத்துக் கொண்டார்!

பழைய வீட்டை மறக்கச் சொல்லி யாரும் பையனைத் தங்க வைக்க முடியாது. பழைய வீட்டோடு இன்னொரு வீட்டையும் சேர்த்துக் கொடுத்தால், அவன் தங்குவான்.

ஆளுக்கு ஒரு வீடு

கிளப்புகள் இன்று அதைத்தான் செய்கின்றன.

புதிதாக வரும் பையனைத் தனி அறையில் விடுவதில்லை. முதல் ஆண்டில் பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்க வைக்கிறார்கள். கிளப்பில் பற்றுள்ள குடும்பமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரவில் மேஜையில் சூடான சாப்பாடு இருக்கும். "பயிற்சி எப்படி இருந்தது?" என்று கேட்க ஆள் இருக்கும்.

வீரர் நலனைக் கவனிக்கத் தனி அதிகாரிகள் உண்டு. சமையல், பணக் கணக்கு, படிப்பு, தொழில் எல்லாவற்றுக்கும் அவர்கள் வழி காட்டுகிறார்கள். பையன் முதல் ஆட்டம் ஆடும் நாளில் பெற்றோரை வரவழைப்பார்கள். பல சமயம் அப்பாவோ அம்மாவோ தம் கையாலேயே கிளப் சட்டையை மகனிடம் கொடுப்பார்கள்.

எடுப்பதற்கு முன்பே கிளப் ஆட்கள் பையனின் வீட்டுக்குப் போய்ப் பேசுவதும் உண்டு. காலில் உள்ள திறமையை மைதானத்தில் பார்த்து விடலாம். மனசில் உள்ள பிடிப்பை வீட்டில்தான் பார்க்க முடியும்!

தனியாக எடுக்காதே!

அடிபட்ட பிரிஸ்பேன் கிளப் இன்னொரு வழியும் கண்டது.

2016-ல் ஹியூ மெக்ளக்கேஜ், ஜாரெட் பெர்ரி, செட்ரிக் காக்ஸ் ஆகிய மூவரை எடுத்தது. மூவரும் விக்டோரியாவில் ஒரே இளைஞர் கோஷ்டியில் ஆடியவர்கள். முகம் தெரியாத ஊருக்கு மூன்று சிநேகிதர்கள் சேர்ந்து வந்தார்கள். 2018-ல் ஜாரெட்டின் தம்பி டாமையும் எடுத்தது.

அதே 2018 பருவத்துக்கு லூக் ஹாட்ஜ் என்ற மூத்த வீரர் வந்து சேர்ந்தார். வேறு கிளப்பில் நான்கு முறை கோப்பை வென்றவர். இரண்டு ஆண்டு ஆடினார். இளைஞர்களுக்கு மைதானத்தில் ஓர் அண்ணன் கிடைத்தார். 2017 முதல் பயிற்சியாளராக இருக்கும் கிறிஸ் பாகன் தாஸ்மானியாவில் பிறந்தவர். ஊரை விட்டு வருவது என்ன என்பது அவருக்கும் தெரியும்.

பிறகு பையன்கள் முன்போல் ஓடவில்லை. 2024-ல் சிட்னியை 60 புள்ளி வித்தியாசத்தில் வீழ்த்திப் பிரிஸ்பேன் கோப்பை வென்றது. மெக்ளக்கேஜும் ஜாரெட் பெர்ரியும் அந்தக் கோஷ்டியில் இருந்தார்கள். 2025-லும் கோப்பை அதற்கே!

உள்ளூர்ப் பையனை வளர்ப்பது மற்றொரு வழி. 2010 முதல் சிட்னி, குவீன்ஸ்லாந்து கிளப்புகள் பயிற்சிப் பள்ளிகள் நடத்துகின்றன. அங்கே பயின்றவர்களை எடுப்பதில் அந்தக் கிளப்புக்குச் சலுகை உண்டு. பிரிஸ்பேன் கோஷ்டியின் இரு தலைவர்களில் ஒருவராகக் கோப்பையைத் தூக்கிய ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் அப்படி வளர்ந்த பிரிஸ்பேன் பையன்தான்.

தந்தை ஆடிய கிளப்பில் மகன் சேரவும் விதி இருக்கிறது. மார்க்கஸ் ஆஷ்கிராப்ட் பிரிஸ்பேனுக்காக மூன்று கோப்பைகள் வென்றவர். அவர் மகன் வில், 2024, 2025 ஆகிய இரண்டு இறுதிப் பந்தயங்களிலும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு பெற்றார். மெல்போர்னில் ஆட்டம் பழகிய அவருக்குப் பிரிஸ்பேன் அன்னிய ஊர் அல்ல, அப்பாவின் ஊர்.

யார் பக்கம் நியாயம்?

திரும்பிப் போனவர்கள் கோழைகளா? இல்லை.

பிரிஸ்பேனை விட்டுப் போன டாக்கர்ட்டி, கார்ல்டன் கிளப்பின் தலைவர்களில் ஒருவராக உயர்ந்தார். யோ, 2018-ல் பெர்த்தின் வெஸ்ட் கோஸ்ட் கிளப்போடு கோப்பை வென்றார். வீட்டுக்குப் பக்கத்தில் போனதும் அவர்கள் ஆட்டம் மெருகேறியது. 18 வயதில் கேட்காமல் அனுப்பப்பட்ட பையன், 20 வயதில் தன் விருப்பத்தைச் சொல்வதில் தவறு என்ன?

கிளப்பின் பக்கமும் நியாயம் உண்டு. கடைசி இடத்தில் கிடக்கும் கிளப்புக்கு அந்தப் பையன்தான் எதிர்கால நம்பிக்கை. அவனும் போய்விட்டால், பலவீனர்களைத் தூக்கி விடுவதற்காக ஏற்பட்ட முறையே பயனற்றுப் போகும்.

ஹார்லி ரீட் விக்டோரியாவில் டோங்காலா என்ற சிற்றூர்ப் பையன். 2023-ல் நாட்டின் முதல் ஆளாக வெஸ்ட் கோஸ்ட் அவரை எடுத்தது. "இவர் எப்போது ஊருக்குத் திரும்புவார்?" என்று பத்திரிகைகள் ஓயாமல் கேட்டன. 2025-ல் கிளப் தோல்விமேல் தோல்வி கண்டது. கடைசி இடம்தான். அந்த நேரத்தில் அவர், 2028 வரை பெர்த்திலேயே ஆடக் கையெழுத்துப் போட்டார்.

தாஸ்மானியாத் தீவின் பையன்களுக்கு இந்தத் தேர்வே இருந்ததில்லை. அங்கே கிளப் இல்லாததால், பெரிய ஆட்டம் வேண்டுமென்றால் கடல் தாண்டித்தான் ஆக வேண்டும். 2028-ல் தாஸ்மானியாக் கிளப் 19-வதாகச் சேர ஏற்பாடு நடக்கிறது. அதன் பிறகு சில தாய்மார்களாவது தம் பிள்ளை ஆடுவதைப் பக்கத்திலிருந்தே பார்ப்பார்கள்.

ஆனால் நாடு பெரியது. கிளப்புகளோ சில ஊர்களில்தான். இந்த ஆண்டும் நவம்பர் வரும். பெயர்களை வாசிப்பார்கள். பெட்டிகள் கட்டப்படும். ஒப்பந்தம் பையனை இரண்டு, மூன்று ஆண்டுதான் பிடித்து வைக்கும். அதற்குள் அவனை மகனாக ஏற்றுக்கொள்ள ஒரு வீடு கிடைத்துவிட்டால், பிறகு கிளப்புக்குக் கவலை இல்லை.