யார் குரல் கேட்கிறது? – 9: திருமயம் பாறையில் ஒரு தீர்ப்பு

திருமயம் கோட்டை மலையின் தென்சரிவில், ஒரே பாறையில் இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்று சத்தியகிரீஸ்வரருக்கு, மற்றது பள்ளிகொண்ட பெருமாளுக்கு. கோயில்கள் ஒட்டியிருந்தன, கோயில்காரர்கள் ஒட்டவில்லை. வருவாயில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சைவர்களும் வைணவர்களும் வெகுகாலம் மல்லுக்கு நின்றார்கள். 1245-ல் ஹொய்சளத் தளபதி அப்பண்ணர் முன்னிலையில் சபை கூடியது. வருவாயைப் பிரித்தார்கள். இரு கோயில்களுக்கும் நடுவே சுவர் எழுப்புவதென்று முடிவானது. அந்த முடிவை யாரும் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. பாறையிலேயே வெட்டிவைத்தார்கள்.

அமெரிக்காவின் ஜேம்ஸ் மாடிசன் 1787 நவம்பரில் நியூயார்க் பத்திரிகையில் எழுதிய பத்தாவது ஃபெடரலிஸ்ட் கட்டுரையும் இதே தலைவலியைப் பற்றியதுதான். மனிதர்கள் சுதந்திரமாக இருக்கும்வரை தத்தம் நலனுக்காகக் கூட்டம் சேரத்தான் செய்வார்கள், அதைத் தடுக்கச் சுதந்திரத்தையே அழிக்க வேண்டியிருக்கும் என்றார் அவர். அவர் நம்பிய மருந்து, நாட்டைப் பெரிதாக்குவது. குழுக்கள் பலவாகப் பெருகினால் ஒன்று மற்றொன்றைக் கட்டுப்படுத்தும் என்று கணக்குப் போட்டார். நாலே ஆண்டில், 1791-ல், அரசிடம் மனுக் கொடுக்கும் உரிமையும் அந்நாட்டின் முதல் சட்டத்திருத்தத்தில் ஏறியது. இன்று வாஷிங்டனில் ‘லாபியிங்’ என்ற பெயரில் நடக்கும் அத்தனை பரிந்துரைத் தொழிலுக்கும் வேர் அங்கேதான்.

மாடிசனின் கணக்கு பாதிதான் சரி என்பது என் எண்ணம். குழுக்கள் பலவாக இருந்தால் மட்டும் போதாது. நஷ்டப்படுகிறவர்களும் ஒரு தரப்பாகச் சபையில் உட்கார வேண்டும், பேரத்தின் முடிவு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். அழுத்தக் குழுக்கள் ஜனநாயகத்துக்கு நன்மையா தீமையா என்று அமெரிக்கர்கள் ஓயாமல் கேட்டுவரும் கேள்விக்கு, இந்த இரண்டையும் வைத்துத்தான் விடை தேட முடியும்.

குழுக்களுக்குச் சட்டமன்றத்திலேயே நாற்காலி போட்டுக்கொடுத்த காலம் ஒன்று நமக்கு இருந்தது. 1919 சீர்திருத்தத்துக்குப் பின் அமைந்த சென்னைச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 98. அதில் நிலக்கிழார்களுக்கு 6, பல்கலைக்கழகத்துக்கு 1, தோட்ட முதலாளிகளுக்கு 1, வணிக அமைப்புகளுக்குச் சில. நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கத்துக்கும் தனி இடம் உண்டு. கோனாப்பட்டு, இராயவரம் என்று திருமயம் வட்டாரத்திலேயே நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன. ஆனால் திருமயத்துக் குடியானவருக்கு அந்தச் சபைக்கு ஓட்டு கிடையாது. ஊர் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. மாகாணத்துக்குள்ளேயும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தேர்தல் வழியாக ஒரு இடம்கூட ஒதுக்கப்படவில்லை. எம்.சி. ராஜா போன்றவர்கள் ஆளுநர் நியமித்துத்தான் உள்ளே வந்தார்கள். பணமும் படிப்பும் சங்கமாகத் திரண்டிருந்தவர்களுக்கு நாற்காலி, உடலுழைப்பு மட்டுமே இருந்தவர்களுக்கு நியமனம்.

அந்தச் சபையில் பல்கலைக்கழகத் தொகுதியின் உறுப்பினர் எஸ். சத்தியமூர்த்தி. 1887-ல் திருமயத்தில் பிறந்தவர், ஊர்ப் பெருமாளின் பெயரைத் தாங்கியவர். அவருக்கு ஒரு வருடம் முன்பு, இருபது கிலோமீட்டர் வடக்கே புதுக்கோட்டையில் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. இருவரும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தவர்கள். தேவதாசி ஒழிப்பு விவகாரத்தில் இருவரும் எதிரெதிர் வரிசையில் நின்றார்கள்.

முத்துலட்சுமி சபைக்குள் வந்ததே ஒரு சங்கத்தின் உழைப்பால். 1917 மே மாதம் அடையாறில் அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்துப் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்ட தூதுக்குழுவின் பின்னணியில் இருந்தது. 1921-ல் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. பெண்கள் உறுப்பினராகலாம் என்ற கதவு 1926-ல் திறந்தபோது, அச்சங்கத்தின் பரிந்துரையில் நியமனம் பெற்றவர் முத்துலட்சுமி. சபை அவரைத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. அழுத்தக் குழு என்றாலே பணப்பெட்டியோடு பின்வாசலில் நிற்பவர்கள் என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடக் கூடாது. அப்படியொரு சங்கம் இல்லாமல் அந்தக் கதவு அப்போது திறந்திருக்காது.

முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதன் வேதனையை மகள் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-ல் வந்த அறநிலையத் திருத்தச் சட்டம், தேவதாசிகளின் மானிய நிலங்களைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவித்தது. கலையும் கோயில் வழக்கமும் சார்ந்த விஷயத்தில் சட்டம் நுழையக் கூடாது என்ற பக்கம் சத்தியமூர்த்தி நின்றார்.

சபைக்கு வெளியே இன்னொரு குரல் எழுந்தது. சென்னையின் தேவதாசிகள் தாங்களே சங்கம் வைத்து அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த எதிர்ப்பில் முன்னின்றவர்களில் ஒருவர். எங்களை விலைமாதரோடு ஒன்றாக்காதீர்கள், எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பது அவர்கள் முறையீட்டின் சாரம். இதற்கு நேர்மாறாக, அதே மரபில் வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் பேசினார், 1936-ல் நாவலே எழுதினார். ஒரு சமூகத்தின் பெயரால் யார் பேசுகிறார்கள் என்ற கேள்வி இங்கே கூர்மையாகிறது. சங்கம் என்று ஒன்று வந்ததாலேயே அது எல்லோருக்கும் பேசிவிடாது. உள்ளே ஆண்களின் கணக்கு வேறு, சொத்துரிமை பெற்றிருந்த பெண்களின் கணக்கு வேறு.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947 அக்டோபரில் நிறைவேறியது. சட்டம் தேவைதான். ஒரு சிறுமியின் வாழ்வை அவளைக் கேட்காமல் தீர்மானிக்கும் வழக்கத்துக்கு எந்தக் கலையும் சாக்காக முடியாது. ஆனால் நிலமும் ஆட்டமும் பாட்டும் கையில் வைத்திருந்த பெண்கள் அடுத்து எங்கே போவார்கள் என்பதைச் சபையில் உட்கார்ந்து கேட்க அவர்களுக்கு ஒரு நாற்காலி இருக்கவில்லை. அவர்கள் ஆடிய சதிர் பரதநாட்டியமாகி மேடை ஏறியபோது, அந்த மேடையில் பெரும்பாலும் அவர்கள் இல்லை. மனுக் கொடுக்கும் உரிமை வேறு, முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் பலம் வேறு என்பதற்கு இதைவிட வலியுள்ள சான்று தமிழ்நாட்டில் குறைவு.

வெளிச்சத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1995-ன் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு பரிந்துரை செய்பவர்கள் பெயரைப் பதிய வேண்டும், யாருக்காக, எதற்காக என்று கணக்குக் காட்ட வேண்டும். 2010-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில் நிறுவனங்கள் தனித்துச் செய்யும் தேர்தல் செலவுக்கு இருந்த தடையை உடைத்தபின், அந்தக் கணக்கையும் மீறிப் பணம் பாய்கிறது என்பது உண்மை. நம்மிடம் அப்படிப் பதிவு செய்யும் சட்டமே இல்லை. போதாததற்கு 2018-லிருந்து தேர்தல் பத்திரம் என்ற ஏற்பாட்டில், எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை வாக்காளரிடமிருந்து மறைத்தார்கள். 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விவரங்களை வெளியிட ஸ்டேட் வங்கிக்கு உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர்களில் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் ஒன்று. குழுக்களின் பணம் மறைந்திருந்த இடத்தைத் திறந்துகாட்டியதும் ஒரு குழுதான்.

இப்போது திருமயத்துக்குத் திரும்புகிறேன். பொருளியலாளர் மான்கர் ஓல்சன் 1965-ல் எழுதிய நூலின் மையக் கருத்து, லாபம் சிலர் கையில் குவியும் இடத்தில் அவர்கள் எளிதாகத் திரண்டுவிடுவார்கள், நஷ்டம் பலர் மேல் சிதறும் இடத்தில் அவர்கள் திரளவே மாட்டார்கள் என்பது. கல் குவாரி உள்ள எந்த ஊருக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். லாபக்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வெடி அதிர்வில் சுவர் விரிசல் விட்டவர், கிணறு வற்றியவர், டிப்பர் லாரிப் புழுதியில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் ஆயிரக்கணக்கில். அவர்களில் யாருக்கும் தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நிற்கக் கூலியை விட முடியாது. ஆகவே ஒருவர் நிற்பார்.

இங்கே நின்றவர் ஜகபர் அலி. சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி அதிகாரிகளுக்குத் தொடர்ந்து மனுக் கொடுத்துவந்தவர். 2025 ஜனவரி 17-ல் பள்ளிவாசலில் தொழுகை முடித்து இருசக்கர வாகனத்தில் திரும்பியவரை டிப்பர் லாரி மோதிக் கொன்றது. விபத்தாகத் தோன்றியது கொலை வழக்கானது, குவாரி உரிமையாளர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றவாளி யார் என்பதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். ஒரு வட்டாரத்தின் மொத்த நஷ்டத்துக்கும் ஒற்றை மனிதர் மனுக்காரராக நிற்க வேண்டியிருந்ததே, அதற்கு நாம் எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. குத்தகை எந்தச் சர்வே எண்ணில், எத்தனை அடி ஆழத்துக்கு, எந்தத் தேதிவரை, இந்த மாதம் எத்தனை நடைச்சீட்டு கொடுக்கப்பட்டது என்ற நான்கு விவரங்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெயின்ட்டில் எழுதச் சொல்லலாம். கேட்டு வராமலேயே தகவலை வெளியிட வேண்டிய கடமையை 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு அரசு அலுவலகங்கள் மேல் ஏற்கெனவே சுமத்தியிருக்கிறது. அடுத்த கிராம சபையில் ஒருவர் எழுந்து கேட்டால் மிரட்டல் வரும். நாற்பது பேர் சேர்ந்து, பெயரும் கையெழுத்தும் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொன்னால் அதை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அந்த நாற்பது பேரைச் சேர்ப்பது எப்படி, விவசாயச் சங்கங்கள் அதை எப்படிச் செய்தன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)