ரோட்டுல ஆமையைப் பார்த்தீங்களா? தண்ணியில விடுறதுக்கு முன்னாடி காலைப் பாருங்க!

மழை விட்டதும் ரோட்டோரம் ஒரு ஆமை. 'பாவம், தண்ணி தேடுது போல' என்று தூக்கிப் பக்கத்துக் கிணற்றிலோ ஏரியிலோ விடுவது பலரும் செய்வதுதான். நல்ல மனசுதான். ஆனால் அது நட்சத்திர ஆமை என்றால் மூழ்கிச் செத்துவிடும். எல்லா ஆமைக்கும் நீந்தத் தெரியாது!

அப்போ எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழ்நாட்டில் நாம் அடிக்கடி பார்க்கக்கூடிய 5 ஆமைகள் இதோ.

நட்சத்திர ஆமை: தரையில் மட்டுமே வாழும். கால்கள் யானையின் காலைப் போலத் தடிமனாக இருக்கும். விரல்களுக்கு நடுவே சவ்வு கிடையாது. மேடான கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். வறண்ட புதர்க்காடுதான் இதன் வீடு.

பால் ஆமை: குளம், வயல், வாய்க்காலில் இருக்கும். ஓட்டின் மேல் கட்டங்கள் தெரியாது. வழவழப்பான தோல் மூடியிருக்கும். மூக்கு கூராக நீண்டிருக்கும். காலில் சவ்வு உண்டு.

கருப்பு ஆமை: இதுவும் நன்னீர் ஆமைதான். கெட்டியான கரும்பழுப்பு ஓட்டில், தலையிலிருந்து வால் பக்கமாக 3 வரம்புகள் ஓடும். காலில் சவ்வு உண்டு.

பங்குனி ஆமை: ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் வருவது இதுதான். காலுக்குப் பதில் துடுப்பு. ஓடு இதய வடிவில் இருக்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கியவை இவைதான்.

சிவப்புக் காது ஆமை: கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருக்கும். மீன் தொட்டிக் கடைகளில் விற்கும் 'குட்டி' ஆமை. சொந்த ஊர் அமெரிக்கா. வளர்ந்தால் ஒரு அடி நீளம் வரை வரும். 'வளர்க்க முடியல' என்று ஏரியில் விட்டால், நம்ம ஊர் ஆமைகளின் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாகிவிடும். உலகின் மோசமான 100 ஊடுருவும் உயிரினங்கள் பட்டியலில் இதுவும் ஒன்று.

வீட்டில் வளர்க்கலாமா?
நட்சத்திர ஆமை, பால் ஆமை, பங்குனி ஆமை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. 'அதிர்ஷ்டம்' என்று நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம்.

அப்போ என்ன செய்யணும்?
* ரோட்டைக் கடக்கும் ஆமை என்றால், அது போகும் திசையிலேயே மறுபக்கம் கொண்டுபோய் விடுங்கள். அவ்வளவுதான்.
* அடிபட்டிருந்தாலோ, என்ன ஆமை என்று சந்தேகம் வந்தாலோ தண்ணியில விடாதீங்க. போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்க.
* ராத்திரி பீச்சில் கடலாமையைப் பார்த்தால் மொபைல் ஃப்ளாஷ் வேண்டாம். முட்டையிட வரும் ஆமை மிரண்டு திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சத்தை நம்பிக் கடலுக்கு எதிர்ப்பக்கம் போய்விடும்.